படத்தில் தெரிந்த மயிரிழை

ஆலையில் அவரைப் ‘படக்காரம்மா’ என்பார்கள். ராக்கெட்டின் பக்கவாட்டில் கட்டப்படும் பூஸ்டர்களை எக்ஸ்ரே எடுத்து, குறை உண்டா என்று பார்த்துச் சொல்வது வேலை. பத்தொன்பது வருடமாக விளக்குப் பலகையை உற்றுப் பார்த்ததில் கண் சோர்ந்திருந்தது. தோள்வலி வேறு.

பூஸ்டர் ஒரு பெரிய எஃகுக் குழாய்; துண்டு துண்டாகச் செய்து இணைப்பார்கள். உள்ளே ரப்பர் உறை ஒட்டி, குழம்புபோன்ற எரிபொருளை ஊற்றி, நாள்கணக்கில் சூட்டில் வைத்து இறுகவிடுவார்கள். உறையை விட்டு எரிபொருள் விலகியிருந்தால் அந்த இடுக்கில் தீ நுழையும். எஃகு தாங்காது, வெடித்துவிடும்.

பூஸ்டரைத் தரையிலேயே கொளுத்திப் பார்க்கும் சோதனைக்கு மூன்று வாரம் இருக்கையில், நடுத்துண்டின் படத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. அந்தத் துண்டில் எரிபொருள் ஊற்றியது அவருடைய கொழுந்தனின் குழு.

திட்டத் தலைவர் கூப்பிட்டார். “தூசியா இருக்கலாமேம்மா?”

“இருக்கலாம் சார்.”

“அப்புறமென்ன, கையெழுத்துப் போடுங்க.”

“தூசிதான்னு தெரிஞ்சா போடுவேன். தெரியலையே.”

துண்டை ஒதுக்கினார்கள். புதிதாகச் செய்ய ஐந்து மாதம். சாப்பாட்டுக் கூடத்தில் அவர் மேசைக்கு யாரும் வரவில்லை.

கொழுந்தன் மட்டும் வந்தான். “ஊரறிய என் மானத்தை வாங்கிட்டீங்க அண்ணி.”

“படத்துல இருந்ததைச் சொன்னேன், தம்பி.”

வீட்டுப் பக்கம் வருவதையே அவன் நிறுத்திக்கொண்டான். “உனக்கு ஏன் இந்த வம்பு?” என்றார் கணவர்.

ஒதுக்கிய துண்டை ஆளில்லாத கூடத்தில் இயந்திரம் வைத்து அறுத்தார்கள். கோடு இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எரிபொருள் ஒட்டவே இல்லை. ரப்பரில் எண்ணெய்க் கறை.

கொழுந்தன் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தான். “ஊத்துறதுக்கு முன்னாடி உறையைத் தடவிப் பார்த்தது நான்தான். கையுறையை மாத்தல” என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். படக்காரம்மாவுக்கு ஜெயித்த மகிழ்ச்சி வரவில்லை. அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, ஒரு காலை. நகர்ந்துவிடாதபடி பூஸ்டரைப் படுக்கவைத்து, தலையைக் கான்கிரீட் சுவரில் முட்டுக்கொடுத்துக் கொளுத்தினார்கள். தொலைவில், அவர்கள் இருந்த பதுங்கறையின் தரை அதிர்ந்தது. திரையில் உள்ளழுத்தக் கோடு பிசகாமல் ஓடியது. நூற்றுப்பத்து நொடி, முடிந்தது.

எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். படக்காரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. கொழுந்தன் அவரிடம் வந்தான்.

“அடுத்த பூஸ்டரோட படமெல்லாம் வந்து கெடக்கு, தம்பி.”

“கெடக்கட்டும். வாங்க அண்ணி, வீட்ல விடறேன்.”

வண்டி ஆலை வாசலைத் தாண்டும் முன்பே அவர் தூங்கிப்போனார். கொழுந்தன் மேடுபள்ளம் பார்த்து, மெதுவாக ஓட்டினான்.