சுயம்பு அண்ணனுக்கு ஏற்றிய விளக்கு

படம் விநியோகிக்கும் கம்பெனியில் லோகோ செய்கிறவனின் உழைப்பெல்லாம், தியேட்டரில் எல்லோரும் முறுக்கு பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது திரையில் வந்துபோகிற பத்து நொடிதான். அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் நாகர்கோவிலில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு ஒடிந்து, கடைசியில் ஏச்சும் வாங்கிக்கொள்கிற என் இனத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முகத்தை மட்டும் மாற்றினேன்

எங்கள் லோகோ எளிமையானது. முதலாளியின் காலஞ்சென்ற அப்பா படம், அதற்கு ஒரு சந்தன மாலை, கீழே எரிகிற விளக்கு, அப்புறம் கம்பெனி பெயர். மஸ்கட்டில் வேலை பார்க்கும் சுயம்பு அண்ணன் எங்கள் கம்பெனியில் பங்குதாரராகச் சேர்ந்தபோது, தன் படமும் வர வேண்டும் என்று சிரித்த முகமாக ஒரு போட்டோ அனுப்பினார். பெரியவருக்குச் செய்ததை அப்படியே நகல் எடுத்துப் பக்கத்தில் வைத்து, முகத்தை மட்டும் மாற்றினேன். மாலையும் விளக்கும் கூடவே வந்துவிட்டன. எனக்கு உறைக்கவே இல்லை. முதலாளியும் பார்த்துவிட்டு லட்சணமாக இருக்கிறது என்றார்.

குலசேகரத்தில் காலைக் காட்சி. அண்ணனின் மனைவி ரெத்தினபாய் அக்கா தெருவையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். திரையில் மாலை போட்ட புருஷனைப் பார்த்ததும் அக்கா போனை எடுத்தார். அண்ணன் வேலையில் இருந்ததால் போன் அணைந்து கிடந்தது. விஷயத்தைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்றே அக்கா முடிவு செய்துவிட்டார். மதியத்துக்குள் வீட்டு முன்னால் பந்தல் எழும்பிவிட்டது. அந்தப் பந்தலை யாரோ படம் எடுத்து அண்ணனுக்கே அனுப்ப, அவர் என்னைக் கூப்பிட்டார். "மக்கா, நான் இங்க சோறு தின்னுட்டு இருக்கேன். எனக்க வீட்டுல எதுக்குலே பந்தலு?"

வெட்டம்

அன்றே மாலையையும் விளக்கையும் எடுத்துவிட்டுப் புதிய லோகோ அனுப்பினேன். விளக்கின் வெளிச்சம், எங்கள் ஊர்ப் பேச்சில் வெட்டம், முகத்தில் அசைவதைத் தனியாகச் செய்திருந்தேன். அவசரத்தில் அதை எடுக்க மறந்துபோனேன். மறுநாள் தியேட்டர் ஆபரேட்டர் கூப்பிட்டு, "சார், தீயக் காணல்ல. ஆனா அவரு மொகத்துல மட்டும் வெட்டம் ஆடிட்டு நிக்கி" என்றார்.

அதே நேரம் மஸ்கட்டில் அண்ணன் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெயில்தான் காரணம் என்று டாக்டர் சொன்னாராம். முதலாளி அதை நம்பவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்று பழைய லோகோவையே மறுபடியும் அனுப்பவைத்தார். விளக்கு மறுபடி திரையில் எரிந்த அன்று மாலை, அண்ணன் எழுந்து கஞ்சி குடித்ததாகத் தகவல் வந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முதலாளி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எரியுத வெளக்க அணைக்கதுக்கு ஒனக்கு ஆருலே அதிகாரம் தந்தா?"

வீட்டில் இருப்பவர்

உடம்பு தேறியதும் அண்ணன் லீவில் ஊருக்கு வந்தார். பத்து நாள் கழித்து, ஒரு முற்பகல் வேளையில் ரெத்தினபாய் அக்கா தனியாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மீன்கறியில் புளி கூடினால் தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன் இப்போது எதை வைத்தாலும் பேசாமல் சாப்பிடுகிறாராம். வீட்டு நாய் அவரைக் கண்டால் குரைப்பதும் இல்லை, வாலாட்டுவதும் இல்லை, எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறதாம். ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர் கொஞ்ச நாள் அப்படித்தான் இருப்பார் என்று சமாதானம் சொன்னேன். அக்கா லோகோவைப் போட்டுக் காட்டச் சொன்னார். திரும்பத் திரும்பப் போட்டேன். மானிட்டரில் சிரிக்கிற முகத்தை விரலால் மெல்லத் தொட்டார். "இது எனக்க வீட்டுக்காரரு, தம்பி. வீட்டுல இருக்கது ஆருன்னு எனக்குத் தெரியாது."

வலது பக்கக் கதவு

அந்தக் குடும்பம் உடைந்தால் பழி என் தலையில்தான். ராத்தூக்கம் போயிற்று. விளக்கை விட்டுவைத்தால் அவர் செத்தவர், எடுத்தால் எரிகிற விளக்கை அணைத்த பாவம். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். உயிரோடு இருக்கிறவரே தன் விளக்கை எடுத்துக்கொண்டு போகட்டும்! அண்ணனை வரவழைத்துப் படம்பிடித்தேன். புதிய லோகோவில் அவர் தன் படத்துக்கு முன்னால் வந்து, எரிகிற விளக்கைக் கையில் எடுத்து, திரையின் வலது பக்கமாக நடந்து வெளியே போவார். மாலை போட்ட படம் இருட்டில் மறைந்துவிடும். அண்ணன் பார்த்துவிட்டு, "இனி அவ நம்புவா, மக்கா" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அதே குலசேகரம் தியேட்டர், மதியக் காட்சி. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பின்வரிசையில் நான் இருந்தேன். திரையில் அண்ணன் விளக்கோடு நடந்து வலது பக்கம் போய் மறைந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன், எனக்கு உயிர் வந்தது. சட்டென்று எழுந்தார். அண்ணன் நீட்டிய கையைத் தாண்டி, வலது பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். வெளியே சுள்ளென்று வெயில். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். "இப்பம் வந்திருவாரு, தம்பி. உள்ள இருக்கவர நீங்க பஸ் ஏத்தி விட்டிருங்க."

ஒருவருக்கு மாலை போட்டு விளக்கு வைக்க எனக்கு அரை நிமிடம்தான் ஆனது. அவரை மறுபடி உயிரோடு இருப்பவராக்கும் வழிதான் என் கம்ப்யூட்டரில் இன்னும் அகப்படவில்லை.