அது சரி, எங்க உக்கார்றது?

கையைத் தூக்கியாயிற்று. மேடையில் இருக்கும் அதிகாரி அதைப் பார்க்காத மாதிரி தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார். பின்வரிசையில் யாரோ "எந்திரிச்சுட்டாருய்யா" என்று முனகுகிறார்கள். கையைத் தூக்கியவர் அசைந்து கொடுப்பதில்லை. மின்சாரப் பேருந்து, சைக்கிள் பாதை, புகையில்லா நகரம் என்று எந்தத் தலைப்பில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டாலும் அவரிடம் இருப்பது ஒரே கேள்விதான். "எல்லாம் சரிங்க. பஸ் வர்ற வரைக்கும் எங்க உக்கார்றது?"

செருப்புக் கடையில் விற்பனையாளர். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து "வாங்க, உக்காருங்க" என்று ஊரையே உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் நின்றும் குனிந்தும் காலம் தள்ளுகிறவர். முகத்தைவிடக் காலைத்தான் பார்ப்பார். ஒரு கூட்டத்தில் திட்ட அலுவலகப் பெண் அதிகாரியின் செருப்பைப் பார்த்துவிட்டு எகிறினார். "அடி கொஞ்சங்கூடத் தேயல பாருங்க. இந்தச் செருப்பு பஸ் ஏறினதே இல்ல. கார்ல வர்றவங்களுக்கு எங்க கஷ்டம் எங்க தெரியப்போகுது?"

"இது நேத்து உங்க கடையில வாங்குனது சார்" என்றார் அந்த அதிகாரி. "நீங்கதான் போட்டுவிட்டீங்க. பஸ்லதான் வீட்டுக்குப் போனேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் காது சிவக்க உட்கார்ந்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மறுபடி எழுந்துவிட்டார். "சரிம்மா, நான் சொன்னது தப்புதான். ஆனா எங்க உக்கார்றது?"

எரிச்சலின் வேர் வீட்டில் இருக்கிறது. அவர் மனைவிக்கு இடுப்பு மூட்டில் தேய்மானம். மெல்ல நடந்துவிடுவார், ஒரே இடத்தில் நிற்கத்தான் முடியாது. தெருமுனை நிறுத்தத்தில் முன்பு ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்திருந்து, பஸ் ஏறி, ஊர்க்கோடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு வருவார். நிறுத்தத்தைப் புதுப்பிக்கிறோம் என்று வந்தவர்கள் சக்கர நாற்காலிக்குச் சரிவு போட்டார்கள், பார்வையற்றவர்களுக்குப் புடைப்பு ஓடு பதித்தார்கள், பஸ் வரும் நேரத்தைக் காட்டும் பலகை வைத்தார்கள். குறை சொல்லும் இவரே வாய்விட்டு மெச்சினார். கடைசியில் பெஞ்சைப் பெயர்த்துவிட்டு, இடுப்பு உயரத்தில் ஒரு சாய்மானக் கம்பியை நட்டார்கள். பெஞ்சு இருந்தால் கண்டவர்களும் படுத்துத் தூங்குகிறார்களாம்.

"இதுல துணி வேணா காயப்போடலாம்" என்று சொல்லிவிட்டு மனைவி வீட்டுக்குத் திரும்பினார். அன்றிலிருந்து தங்கையைப் பார்ப்பது போனில்தான்.

"மடக்கு ஸ்டூல் ஒண்ணு வாங்கிக் குடுத்துட வேண்டியதுதானே?" என்றார் கடை முதலாளி.

"அப்புறம் கூரை வேணும்னா அதையும் தலையில தூக்கிட்டுப் போகச் சொல்வீங்களா?"

மனைவிக்கோ அவர்மேல்தான் கோபம். "ஊருக்கெல்லாம் உக்கார எடம் கேட்டு அலையறீங்க. வீட்ல எம்பக்கத்துல ஒரு பொழுதாவது உக்கார்ந்திருக்கீங்களா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். கூட்டத்துக்கு வேறு நேரமாகிவிட்டது.

நேற்று நடந்தது இறுதிக் கூட்டம். இதில் ஒப்புதல் ஆகிவிட்டால் நகரம் முழுக்க அதே கம்பிதான். 'எல்லோருக்குமான பசுமைப் பயணம்' என்று மேடையில் துணி கட்டியிருந்தார்கள். கூட்டம் நடந்த மண்டபம் அந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரே. கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருந்தார். முறை வந்ததும் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தற்செயலாகச் சன்னல் பக்கம் திரும்பினார்.

எதிர் நிறுத்தத்தில் அவர் மனைவி. கையில் சாப்பாட்டுப் பை. தங்கை போனில் அழுதிருக்க வேண்டும், இவரிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார். ஒரு கையால் கம்பியை இறுகப் பிடித்து, இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்குமாகப் பாரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பஸ் இல்லை.

"நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு எங்களுக்கே மனப்பாடம் ஐயா. பதிவு பண்ணியாச்சு. தயவுசெஞ்சு உக்காருங்க" என்றார் அதிகாரி.

அவர் உட்காரவில்லை. தன் பிளாஸ்டிக் நாற்காலியை முதுகுப்பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்தார்.

"ஐயா, அது மண்டபத்து நாற்காலி!" என்று காவலாளி பின்னால் ஓடினார். கூட்டம் மொத்தமும் சன்னலுக்கு வந்துவிட்டது. ஹாரன்களுக்கு நடுவே கையைக் காட்டிக்கொண்டே அவர் சாலையைக் கடந்தார்.

"அதுக்குள்ள கூட்டம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் மனைவி.

அவர் கம்பிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டார். ஆட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு பஸ் வரும் பக்கம் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பி வைத்தார்.