சீனக் கவிஞருக்கு வந்த துக்கக் கூட்டம்

ஆறாண்டுகளாக நான் தமிழாக்கிவரும் பழஞ்சீனக் கவிஞர் ஒருவரைப் பற்றி, இன்று மாலை எங்கள் பங்குக் கோவில் மண்டபத்தில் என் உரை இருந்தது. பேனர் கடையில் அவர் படத்தையும் வாழ்ந்த ஆண்டுகளையும் கொடுத்திருந்தேன்.

கடைக்காரர் மூன்றிலக்க ஆண்டுகளைப் பிழையென்று நீக்கிவிட்டு, வழக்கம்போல் "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு, மூலையில் ஒரு புறாவும் வைத்துத் தெருமுனையில் கட்டிவிட்டார். கீழே என் பெயர்.

சென்ற உரைக்கு மூவர் வந்தனர். இன்று மண்டபம் நிறைந்துவிட்டது.

"யாரு அண்ணாச்சி, சம்பந்தியா?" என்று என் கையைப் பற்றினார் மீன் ஏலக்காரர். "பாத்தா கப்பல்ல இருந்தவரு மாதிரி தெரியுது."

"கவிஞர். போரில் வீட்டை இழந்தவர். பெற்ற பிள்ளையைப் பசிக்குக் கொடுத்தவர்."

"ஐயோ பாவம்!" அவர் மனைவி கண்ணைத் துடைத்தார். "அடக்கம் எப்ப?"

"அவர் இறந்து ஆயிரத்து இருநூறு வருசமாச்சும்மா."

ஏலக்காரர் கையை விட்டார். "ஏளா, வா போவோம். இதுக்கா ஏலத்த விட்டுட்டு வந்தேன்?"

எல்லோரும் எழுந்தனர். பிள்ளையை இழந்து அவர் பாடிய ஒரு பாட்டையாவது கேட்டுச் செல்லுங்கள் என்று கெஞ்சினேன். எவரும் நிற்கவில்லை.

உயிரோடிருந்தபோதும் அவர் பாட்டுக்குச் செவிகொடுத்தோர் சிலரே. இறைவாக்கினரின் சொல்லைத் தள்ளிவிட்டுக் கல்லறையை அலங்கரிப்போரை வேதம் கடிந்துகொள்வது நினைவுக்கு வந்தது.

அவர்கள் வைத்துச்சென்ற ரோசா மாலைகள் என் கையெழுத்துத் தாள்களின்மேல் கிடக்கின்றன.

அடுத்த உரைக்குப் பேனரில் என் படத்தையே போடலாமென்றிருக்கிறேன். எத்தனை பேர் வருவீர்கள்?