ஒரே எண்ணில் இரண்டு பேர்

பாஸ்வேர்டை மறந்துவிட்டு, திறக்காத திரைக்கு முன்னால் அசடு வழிய உட்கார்ந்திருக்கும் தோழர்களே, எண்பதுகளின் கடைசியில் உங்களைப் போன்றவர்களை உள்ளே விடுவதுதான் என் வேலை.

பெயர்

கடத்தூர்ப் பக்கம் ஒரு கரும்பாலை. ஒரே கணினி, பிரிவுக்கு ஒரு திரை. ஆலைக்குள் கடிதங்கள் அதன் வழியே போகும். எடைமேடை குமாஸ்தா ஆரோக்கியசாமி நெஞ்சுவலியில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு ஸ்டெல்லா என்ற பெண் வந்தார். வழக்கப்படி இறந்தவர் பெயரை நீக்கப் போனேன். எடைமேடை ஆட்கள் வந்து மறித்தார்கள்.

"முப்பதாம் நாள் பூசை முடியட்டுங்க சார். அதுக்குள்ள பேரை அழிச்சா மனுசன் எங்கங்க போவாரு?"

எண்

பெயரை விட்டுவைத்து, அந்தப் பெயரில் யாரும் நுழைய முடியாதபடி பூட்டினேன். ஆனால் அவருடைய கோப்புகள் ஸ்டெல்லாவுக்கு வேண்டும். கணினிக்கு நம் பெயர் முக்கியமில்லை. ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருப்போம். எண் பொருந்தினால் கோப்பு திறக்கும். ஆகவே ஸ்டெல்லாவுக்கும் ஆரோக்கியசாமியின் எண்ணையே கொடுத்தேன்.

கோப்புகள் திறந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. கடிதம் அனுப்பியவர் யார் என்று காட்ட, கணினி அந்த எண்ணுக்கு நேரே முதலில் இருக்கும் பெயரை எடுத்துப் போட்டது. கரும்பு அலுவலக குமாஸ்தா வெளிறிப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"சார், ஆரோக்கியசாமி அண்ணன் சாப்பாட்டுக்குப் போறாராம். நான் என்னங்க பதில் போடறது?"

சங்கிலி

விளக்கிச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பூசை வரைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

மறுநாள் காலை. முந்தின நாள் எடை போட்ட டிராக்டர்கள் கரும்பு இறக்கும் யார்டில் காத்து நின்றன. யார்டு அலுவலகத் திரையில், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில், ஆரோக்கியசாமி பெயரில் ஒரு கடிதம்: 'கிரேன் சங்கிலியில் ஒரு கண்ணி வாய் திறந்திருக்கிறது. கீழே ஆள் நிற்க வேண்டாம்.'

கரும்புக் கட்டைத் தூக்கும் கிரேனை ஓட்டுபவர் முனுசாமி. விஷயம் காதில் விழுந்ததும் கீழே இறங்கிவிட்டார். ஆலை இன்ஜினியர் கத்தினார்: "அது அந்தப் பொண்ணு அடிச்சதுய்யா! ஏறு மேல!"

முனுசாமி அசையவில்லை.

"யாரு அடிச்சா என்னங்க? கீழ நிக்கறது என் மச்சானுங்க."

ஜன்னல்

சங்கிலியை இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தார்கள். உச்சியில், கப்பியை ஒட்டி, கிரீஸ் அப்பியிருந்த கண்ணி ஒன்று விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. அடுத்த கட்டைத் தூக்கியிருந்தால் அறுந்திருக்கும். எடைமேடை ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியவே தெரியாது.

இன்ஜினியர் ஸ்டெல்லாவுக்கு நன்றி சொல்லப் புறப்பட்டார். நானும் போனேன். எடைமேடை அறை பூட்டியிருந்தது. சாப்பாட்டுப் பையும் அறையின் ஒரே சாவியுமாக ஸ்டெல்லா ஆலை கேட் பக்கமிருந்து வேர்க்க வேர்க்க ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், தர்மபுரியிலயே பஸ் லேட்டுங்க. இப்பதான் இறங்கறேன். ஏனுங்க, எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?"

அன்றைக்கே ஸ்டெல்லாவுக்குத் தனி எண் கொடுத்துவிட்டேன்; ஆரோக்கியசாமி பெயருக்கு நான் போட்ட பூட்டைத்தான், பூசை முடியும்வரை, பூட்டியேதான் இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கத் துணியவில்லை.