வான்கோழிக்கு ஸ்பொன்சர்

எண்பதுகளில் எங்கள் வீட்டில் ‘ஸ்பொன்சர்’ என்ற சொல்லுக்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. ஒருவர் கனடாவில் இருக்கிறார், இன்னொருவர் வெளியே நிற்கிறார், உள்ளே இருப்பவர் கையெழுத்து வைத்து வெளியே நிற்பவரைக் கூப்பிடுகிறார். அவ்வளவுதான். தொலைக்காட்சியில் ஹொக்கி ஆட்டம் போய்க்கொண்டிருந்தபோது, இன்ன பியர் கொம்பனி ஸ்பொன்சர் என்று அறிவித்தார்கள். அந்தக் கொம்பனிக்காரர் ஆரைக் கூப்பிடுகிறார்கள் என்று அம்மா என்னிடம் அக்கறையோடு விசாரித்தார்.

எங்கள் வீட்டில் கூப்பிடப்பட வேண்டியவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, பத்தொன்பது வயது. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தது அம்மாதான். யாழ்ப்பாணத்திலிருந்து வள்ளத்தில் மெட்ராஸுக்குத் தப்பிப் போய், ஓர் அறையில் ஒன்பது பேரோடு இருந்தார். அங்கே தங்குவதற்கு அவரிடம் ஒழுங்கான பத்திரம் எதுவும் இல்லை. எந்த நாளும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவர் எழுதிய கடிதம் வந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஒன்பது வயது. மாமாவுக்கென்று என் அறையில் ஒரு கட்டில் விரித்தபடி கிடந்தது. அதில் குதிப்பதற்கு எனக்கு அனுமதி இல்லை.

அப்பாவும் அம்மாவும் அப்போது கனடியப் பிரசைகள் ஆகவில்லை. தம்பியை நேராகக் கூப்பிட வழியில்லை. ஐந்து கனடியர்கள் சேர்ந்து பொறுப்பெடுத்தால் கூப்பிடலாம் என்று றிச்மண்ட் ஹில் கோயிலில் யாரோ சொன்னார்கள். ஐந்து கனடியர்களுக்கு அப்பா எங்கே போவது? அவருக்குத் தெரிந்தது ஒரேயொருவரைத்தான். ஜன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் அப்பாவுக்கு மேலாளாக இருந்த ஃபோர்மன். உயரமான, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். அவரோடு அப்பாவுக்கு இருந்த பழக்கமும் காலையில் ஒரு தலையசைப்பு, மாலையில் ஒரு தலையசைப்பு என்ற அளவில்தான்.

1985 ஒக்ரோபரில் ஒரு நாள் அப்பா வேலை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில் ஃபோர்மன் ஒரு தாள் ஒட்டியிருந்தாராம். அவருடைய சங்கத்தின் கிளையொன்று அமெரிக்காவில் இருந்துகூட ஆட்களை ஸ்பொன்சர் பண்ணுகிறதாம். தொண்டர்கள் வேண்டுமாம், வியாழக்கிழமை கூட்டமாம். தாளில் வேறு என்ன இருந்தது என்று அம்மா கேட்டார். மேலே ஒரு பறவையின் படம் இருந்தது என்றார் அப்பா. சங்கமென்றால் ஏதாவது ஒரு சின்னம் இருக்கும்தானே என்று இருவரும் அதை அத்தோடு விட்டுவிட்டார்கள். அன்றிரவு அம்மா இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை அப்பா குடிவரவு நேர்முகத்துக்கு வாங்கிய கோட்டை அணிந்துகொண்டார். மாமாவின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், கழுத்து வரை பொத்தான் பூட்டிய புகைப்படம் எல்லாம் ஒரு கோப்பில் இருந்தன. மொழிபெயர்க்க நான். இரண்டு வருடப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆங்கிலம் தண்ணீராக ஓடியது. அந்தத் திமிரும் எனக்கு நிறைய இருந்தது.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில். கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். மேசையின் நடுவில், பஞ்சடைத்த மிகப் பெரிய வான்கோழி ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சுவரில் ஒட்டியிருந்ததை நான் வாசித்தேன். அங்கே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்கள் வேட்டைக்காரர்கள். முன்னொரு காலத்தில் இந்த மாகாணத்துக் காடுகளில் காட்டு வான்கோழிகள் நிறைய இருந்தன. ஃபோர்மனின் பாட்டனார் காலத்திலேயே அவை சுட்டும் காடழித்தும் இல்லாமற் போயின. இப்போது அமெரிக்காவில் பிடித்துக் கொண்டுவந்து திரும்பவும் காட்டில் விடப் போகிறார்கள். ஸ்பொன்சர் செய்யப்படுவது வான்கோழி.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடாத சுத்த சைவக்காரர், வேட்டைக்காரர் சபையின் நடுவே எழுந்து நின்று, கோப்பைத் திறந்து, பஞ்சடைத்த வான்கோழியின் காலடியில் மாமாவின் படத்தை வைத்தார். பிறகு தமிழில் பேசத் தொடங்கினார். மாமா நல்ல பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன், ஒருவருக்கும் பாரமாக இருக்க மாட்டான், அவனுக்கு ஏதும் நடந்தால் என்ரை மனிசி தாங்காது. அப்பா அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சொல்லு பிள்ளை.”

முப்பது முகங்களும் என்னைப் பார்த்தன. என் வகுப்பில் படிக்கும் பெடியன் ஒருவன் தன் தகப்பனோடு மூன்றாவது வரிசையில் இருந்தான். அப்பாவைப் பார்த்து இவர்கள் சிரித்துவிடுவார்கள், நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிக்கும் என்று எனக்குக் காது சுட்டது. நான் ஆங்கிலத்தில் ஒரே வரியில் முடித்தேன். எங்கள் அப்பாவுக்குப் பறவைகள் என்றால் விருப்பம், உதவி செய்ய வந்திருக்கிறார்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவின் கண் கலங்கிவிட்டது. ஃபோர்மன் எழுந்து வந்து மாமாவின் படத்தை எடுத்துப் பார்த்தார். இது யார் என்று என்னைக் கேட்டார். என் மாமா, அவருக்கும் பறவைகள் விருப்பம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கோப்பில் வைத்து மூடி, இரண்டு கைகளாலும் அப்பாவிடம் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது, என்ன சொன்னவை என்று அப்பா கேட்டார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முண்டு கொடுத்தேன். முதலில் சனிக்கிழமைகளில் வந்து வேலை செய்ய வேண்டுமாம், அதன் பிறகுதான் கையெழுத்தாம் என்றேன். “அது நியாயம்தானே,” என்றார் அப்பா.

அப்படித்தான் எங்கள் அப்பா வான்கோழிச் சங்கத்துத் தொண்டரானார். சனிக்கிழமை விடியவே ஃபோர்மனின் ட்ரக் வோபர்னில் எங்கள் கட்டடத்தின் முன்னால் வந்து நிற்கும். மொழிபெயர்க்கவென்று நானும் போவேன். நகரத்தைத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓட வேண்டும். அப்பா பற்றைகளை வெட்டினார், சோளம் கொட்டும் பெட்டிகளை மரத்தில் கட்டினார். தங்கள் காணியில் பறவைகளை விடச் சம்மதமா என்று விவசாயிகளைக் கேட்க ஃபோர்மனோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். சேற்றில் முழங்கால் வரை புதைந்தார். மதியத்தில் வேட்டைக்காரர்கள் இறைச்சி சுட்டுத் தின்னும்போது, அப்பா சற்று விலகி இருந்து அம்மா கட்டித்தந்த மரக்கறி ரோல்ஸைச் சாப்பிட்டார். இரண்டாம் கிழமையிலிருந்து அவர்களும் ரோல்ஸுக்குக் கை நீட்டத் தொடங்கினார்கள். நான் ட்ரக்குக்குள் இருந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சனியும் என் பொய் வளர்ந்துகொண்டு போனது.

ஒரு சனிக்கிழமை அப்பா என்னைக் கொண்டு ஃபோர்மனிடம் ஒரு கேள்வி கேட்பித்தார். கடைசியில் சுடுவதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவருகிறீர்கள்? ஃபோர்மன் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்தார். அதன் மூடியை மெதுவாக உரசியதும் பேட்டு வான்கோழியின் குரல் வந்தது. அது அவருடைய பாட்டனாரின் பெட்டி. பாட்டனாரிடமிருந்து தகப்பனுக்கும் தகப்பனிடமிருந்து அவருக்கும் வந்தது. கூப்பிடுவதற்குப் பறவையே இல்லாத நாட்டில் அவருடைய தகப்பன் ஆயுள் முழுக்க இந்தப் பெட்டியை வைத்து அவருக்குக் கூப்பிடப் பழக்கினாராம். பறவை பெருகும்வரை யாரும் துவக்கைத் தூக்க மாட்டோம், அதன் பிறகும் சேவலை மட்டும்தான் சுடுவோம், அது தன் காலத்தில் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, காட்டிலிருந்து ஒரு பதில் குரல் வந்தால் போதும் என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். இந்த முறை ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அப்பா பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஆள் வராமலே இவ்வளவு காலமாக் கூப்பிட்டிருக்கினம்,” என்று தனக்குள் சொன்னார்.

நானும் கூப்பிட்டுப் பார்க்கக் கேட்டேன். ஃபோர்மன் எனக்குப் பெட்டியைத் தந்து ஒரேயொரு விதி சொன்னார். ஒருமுறை கூப்பிடு, பிறகு அசையாமல் இரு. தேடிக்கொண்டு போனால் பறவை ஓடிவிடும். அதுவாக வரவேண்டும்.

அந்தத் தைப்பொங்கலுக்கு ஃபோர்மனும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா புதுச்சேலை உடுத்து, காலில் விழாத குறையாக அவர்களை உபசரித்தார். பொங்கலை ஒரு சட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகு சனிக்கிழமை ரோல்ஸும் இரட்டிப்பானது. என் பொய்யை நம்பி அம்மா இவ்வளவு பாடுபடுகிறார் என்று நான் மாமாவின் கட்டிலடியில் ஒளிந்திருந்து அழுதேன்.

மார்ச் மாதத்தில் பறவைகள் வந்தன. அமெரிக்காவில் பிடித்து, இரத்தம் சோதித்து, காலில் இலக்கம் மாட்டி, பத்திரங்களோடு எல்லை கடந்து வந்திருந்தன. பதிலுக்கு இங்கிருந்து நீர்நாய்கள் போயினவாம். “எங்கடை ஆக்களுக்கு மாதிரித்தான், மெடிக்கலும் எடுத்திருக்கினம்,” என்று அப்பா சிரித்தார். பனி கால்வாசி உருகிய ஒரு வெளியில் அட்டைப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு பெட்டியைத் திறக்கும் மரியாதை அப்பாவுக்குக் கிடைத்தது.

மற்றப் பெட்டிகளின் பறவைகள் சடசடவென்று அடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டன. அப்பாவின் பறவை மட்டும் வெளியே வரவில்லை. திறந்த பெட்டிக்குள் குந்திக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தது. அப்பா பனியில் முழங்காலிட்டு, “போ ராசா, ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம்,” என்றார். பறவை தலையை நீட்டியது, ஓரடி வைத்தது, பிறகு ஓடியது, பிறகு பறந்தது. அது மரங்களுக்குள் மறையும்வரை அப்பா எழும்பவில்லை. எழும்பியபோது முகம் நனைந்திருந்தது.

“உவன் பெடியனுக்கும் இப்பிடி ஆரும் திறந்துவிட்டால் காணும்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் ஃபோர்மனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ட்ரக்கின் பின்புறம் போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா வந்தது பறவைக்காக இல்லை, மாமாவுக்காக. அவர் அன்றைக்குச் சொன்னது இதுதான், நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அவர் ஐந்து மாதமாக உங்கள் கையெழுத்துக்காக வேலை செய்கிறார். மாமாவை அனுப்பிவிடப் போகிறார்கள்.

ஃபோர்மன் பனியில் ஒரு முழங்காலை ஊன்றி என் உயரத்துக்கு இருந்தார். நான் விக்கி விக்கிச் சொல்லி முடிக்கும்வரை கண்ணைக்கூட அசைக்காமல் கேட்டார். பிறகு கையுறையைக் கழற்றி என் கையைக் குலுக்கினார். “நீ சொன்னதற்கு நன்றி,” என்றார்.

இரண்டு வாரம் கழித்து அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே, மாமாவின் அலுவல் சரிவந்துவிட்டது, தூதரகத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள், சங்கத்தில் ஐந்து பேர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று சொன்னார். எப்போது வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. அடுத்த வருடம் மாமா வந்து இறங்கியபோது, ஐந்து கட்டச் சட்டைகளும் விமான நிலையத்தில் நின்றன. கதவு திறந்து மாமா தெரிந்ததும் ஃபோர்மன் பையிலிருந்து பெட்டியை எடுத்து ஒருமுறை உரசினார். மாமா திடுக்கிட்டுச் சுற்றும்முற்றும் கோழியைத் தேடினார். அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன்.

மாமாவை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது நான் என்று பல வருடங்கள் மனதுக்குள் பெருமையோடு இருந்தேன். எனக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, மாமா ஏதோ ஒரு தேவைக்குப் பழைய கோப்பைத் தேடித் தரச் சொன்னார். ஸ்பொன்சர் படிவத்தின் பிரதி அதில் இருந்தது. ஐந்து கையெழுத்துகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதி. ஐந்தும் ஜனவரி முதல் வாரம். நான் ட்ரக்கின் பின்னால் நின்று அழுததற்கு இரண்டு மாதம் முன்னர்.

மில்லிக்கனில் இருக்கும் அப்பாவிடம் நேரே போய்ப் படிவத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கால் மணித்தியாலம் கதைச்சனான். நீ ஒரு வரியில முடிச்சிட்டாய். அதிலையும் பறவை எண்ட இங்கிலீசு எனக்கு விளங்காதோ?”

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் ஃபோர்மனே வந்து அந்தப் படத்தில் இருக்கும் பெடியன் யார் என்று விசாரித்தாராம். அப்பா தன்னுடைய ஓட்டை ஆங்கிலத்தில் சொன்னாராம். மற்ற நாலு பேரையும் ஃபோர்மன்தான் ஒவ்வொருவராகப் பிடித்தாராம். அம்மாவுக்கும் தெரியும். அந்தப் பொங்கல் அதற்குத்தான்.

அப்படியென்றால் ஏன் தொடர்ந்து சனிக்கிழமைகளில் போனீர்கள் என்று கேட்டேன். “அவை எங்கடை ஆளைக் கூப்பிடேக்கை நாங்கள் அவையின்ரை கோழியைக் கூப்பிட வேண்டாமோ?” என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை?

“நான் சொல்லத்தான் வெளிக்கிட்டனான். ஃபோர்மன்தான் மறிச்சவர். பிள்ளை வெட்கப்பட்டுப் போகும், பேசாமல் இருப்பம், தானாச் சொல்லும் எண்டவர். ஐஞ்சு மாதம் பாத்துக்கொண்டிருந்தவர்.”

ஃபோர்மன் இப்போது இல்லை. அவர் ஒரு காட்டு வான்கோழியைச் சுட்டாரா என்று எனக்குத் தெரியாது, பதில் குரல் கேட்டார் என்று தெரியும். இப்போது நகரத்தைத் தாண்டினால் வீதியோரத்து வயல்களில் அவை கூட்டமாக மேய்கின்றன. பார்க்கும்போதெல்லாம் காரை நிறுத்துகிறேன். அவர் பனியில் முழங்காலை ஊன்றி, அசையாமல் இருந்த விதம் கண்ணில் வருகிறது. குளிரில் அப்படி இருக்கிறார் என்றுதான் ஒன்பது வயதில் நினைத்தேன். நான் தானாகக் கிட்டே வந்துகொண்டிருந்தேன், அதுதான் அவர் அசையவில்லை.