கிடாய் வாங்கிய ராக்கப்பன்

தேனி ரயில்வே கேட்டை மூடிவிட்டால் வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடிக்கிறார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்கிறார்கள். ராக்கப்பன் இறங்குவதில்லை. முன்சக்கரத்தை லேசாகத் திருப்பி, இரண்டு மிதியையும் சமமாக வைத்து, ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே என்று அசைந்தபடி சைக்கிளின் மேலேயே நிற்கிறார். முதுகில் பஞ்சு மில்லிலிருந்து மண்டிக்குப் போகும் மாதிரி காட்டுவதற்கான பருத்தி மூட்டை. போடி ரயில் வந்து கடந்து போகும்வரை அவர் கால் தரையில் படாது.

"ஏலே, இறங்கித்தான் நில்லேன். இங்கன யாரு உனக்குப் பரிசு தரப் போறா?" என்று கேட்காரர் சின்னச்சாமி தினமும் கேட்கிறார்.

"இறங்குனா காலு மறந்துரும்ணே" என்று இவரும் தினமும் அதே பதிலைச் சொல்கிறார்.

வயது முப்பத்தொன்று. இடுப்புக்கு மேலே பார்த்தால் நோஞ்சான். தொடையைப் பார்த்தால் பயில்வான். அரைக்கால் சட்டை தைத்துக் கொடுக்கும் ஜேசுராஜ், "மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே துணியில தைக்கச் சொல்றாக" என்று அலுத்துக்கொள்வார். சைக்கிளில் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றினால் மிதியும் சுற்றும், நிறுத்துவதும் காலால்தான். கம்பம் வரை ஒரு நடை போய் வா என்று முதலாளி சொன்னால் மட்டும் ராக்கப்பனுக்குக் கோபம் வந்துவிடும். "அம்புட்டுத் தூரம் மிதிக்க மாடு இருக்கு. நான் கடைசி இருநூறு கஜத்துக்காரன்" என்பார்.

அது என்ன இருநூறு கஜம் என்று கேட்டேன். வட்ட மைதானத்தில் இரண்டே பேர் ஓட்டும் பந்தயம் அது. ஆரம்பத்தில் வேகமே இருக்காது. முன்னால் போகிறவனுக்கு எதிர்காற்று. பின்னால் வருகிறவன் என்ன செய்கிறான் என்பதும் தெரியாது. அதனால் இருவருமே பின்னால் இருக்கத்தான் பார்ப்பார்கள். சமயத்தில் இருவரும் அப்படியே நின்றுவிடுவார்கள். யார் பொறுமை இழந்து முன்னே போகிறானோ, அவனைக் கடைசி இருநூறு கஜத்தில் மற்றவன் பாய்ந்து முந்துவான். "நிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ஓட வரும்" என்கிறார். கொழும்பில் ஒருவனோடு பதினோரு நிமிஷம் நின்றாராம். அவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. சனங்கள் பந்தயம் முடிந்துவிட்டதென்று எழுந்தே போய்விட்டார்களாம்.

இப்படிப்பட்டவர் ஏன் பருத்தி மூட்டை சுமக்கிறார்? அதைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், மதராஸில் மாகாணப் பந்தயம் நடந்தது. இதுவரை வாங்கிய பரிசுகள் என்னென்ன என்று மாகாணச் சைக்கிள் சங்கத்தின் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி. எழுதப் படிக்கத் தெரிந்த சிநேகிதர் ஒருவர் பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். அந்த இடத்தை வெறுமனே விட்டுவிடலாம் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். ராக்கப்பன் கேட்கவில்லை. சாமி முன்னால் ஊரறிய வாங்கியதை மறைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய குற்றம். "கெங்குவார்பட்டிப் பொங்கல் பந்தயத்தில் ஒரு கிடாய்" என்று எழுதச் சொன்னார்.

மதராஸில் முதல் நாள் நான்கு பேரை ஜெயித்தார். மறுநாள் இறுதிப் பந்தயத்துக்கு மைதானத்தில் வந்து நின்றவரைச் சங்கக் காரியதரிசி ஞானசிகாமணி கூப்பிட்டு, கிடாய்க்கு விலை உண்டு, ஆகவே நீ கூலிக்கு ஓட்டுகிறவன், இது கனவான்கள் பந்தயம் என்று வெளியே அனுப்பிவிட்டார். அன்று ஜெயித்த ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளிக் கோப்பையும் தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். கேட்டால் அது ஞாபகார்த்தமாம். கடிகாரம் ஞாபகார்த்தம், கிடாய் கூலி. இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ தெரியவில்லை.

அந்தக் கிடாயையாவது இந்த மனுஷன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாரா? பந்தயக் கிடாயை அங்கேயே அறுத்து ஊருக்குச் சோறு போட வேண்டும். ஜெயித்தவனுக்குத் தலை மட்டும். தலையையும் இவர் கிழவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

கூலிக்காரன் என்று சொல்லிவிட்டார்கள், சரி, கூலிக்கே ஓட்டுகிறேன் என்று கிளம்பினார். மதுரை, கோலார், கொழும்பு என்று கார்னிவல் கார்னிவலாக ஆறு வருஷம், பலகை அடித்த வட்டத்தில் தினம் மூன்று ஆட்டம். பலகைச் சிராய் ஒன்று இன்னும் இடுப்பில் இருக்கிறது. மழை வந்தால் குத்துமாம். போன வருஷம் கார்னிவல் முதலாளி கடையைக் கட்டிவிட்டுப் போனார். ராக்கப்பன் மூட்டைக்கு வந்தார்.

இப்போது அதே சங்கத்துக்கு இவருடைய கால் வேண்டியிருக்கிறது. வருகிற தையில் பம்பாயில் அகில இந்தியப் பந்தயம். மாகாணத்தில் ஓட்ட ஆள் இல்லை. ஞானசிகாமணியிடமிருந்து ஒரு காகிதம் வந்தது. கிடாய் எதுவும் நான் வாங்கவில்லை, அறியாமையால் பொய் எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று கையெழுத்துப் போட்டால் கனவானாகச் சேர்த்துக்கொள்வார்களாம். கார்னிவலில் ஓட்டியது வெறும் வேடிக்கை, பந்தயக் கணக்கில் வராதாம்.

இந்தத் தை போனால் அவருக்கு அடுத்த தை கிடையாது. அது அவருக்கே தெரியும். காகிதம் வந்த நாளிலிருந்து சாயங்காலம் கேட்டிலிருந்து புளியமரம் வரை இருநூறு கஜம் பாய்கிறார், திரும்புகிறார், மறுபடி பாய்கிறார். அவர் மனைவி பவுனு என் முன்னாலேயே சொன்னாள்: "ஒத்தக் கையெழுத்துத்தான. போட்டுட்டு ஓடிட்டு வாங்களேன். ராத்திரித் தூக்கத்துலகூட காலு மிதிக்குது உங்களுக்கு."

"ஊரே உக்காந்து தின்னுருக்கு பவுனு. இல்லன்னு எப்படி எழுத?" என்றார் ராக்கப்பன். 

போன வெள்ளிக்கிழமை பதிலைத் தேடி ஞானசிகாமணியே காரில் வந்துவிட்டார். கேட் மூடியிருந்தது. ராக்கப்பன் வழக்கம்போல் சைக்கிள் மேல் நின்றுகொண்டிருந்தார். காரியதரிசி காரிலிருந்து இறங்கி வந்து காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்.

"இறங்கிக் கையெழுத்தைப் போடப்பா. நாளைக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாள்."

ராக்கப்பன் காகிதத்தைப் பார்த்தார்.  பிறகு, "அந்தக் கிடாயைத் தின்னவுக கெங்குவார்பட்டியில நெறையப் பேரு இருக்காக. மொதல்ல அவுககிட்ட, தின்னலன்னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, சார். கடைசியில நான் போடுறேன்" என்றார்.

ரயில் போயிற்று. சின்னச்சாமி கேட்டைத் திறந்தார். வண்டிகள் நகர்ந்தன, சைக்கிள்கள் போயின. ராக்கப்பன் அசையவில்லை. ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே. தொடை இரண்டும் நடுங்கின. காரியதரிசி வெயிலில் காகிதத்தை நீட்டியபடியே நின்றார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான். கடைசியில் காரியதரிசி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு காரில் ஏறினார்.

கார் தண்டவாளத்தைத் தாண்டி முன்னே போன பிறகுதான் ராக்கப்பனின் வலது கால் மிதியை அழுத்தியது.