லாங்கிஷ் கூடை

நடுவுநிலைமை என்னும் அறம் நாவுக்கு இனியது. கைக்கொண்டவர் வீட்டில் அது எப்படிச் சுவைக்கும் என்பதைக் கூந்தல் கிடங்கில் தரம் பிரித்தவளைக் கேட்டால் தெரியும். உடன் வேலை செய்தவர்கள் அவளைத் தராசு என்றே அழைத்தனர்.

பொய்முடிக்காக ஏற்றுமதியாகும் கூந்தலுக்கு அங்கே மூன்று கூடைகள். இருபது அங்குலமும் அதற்கு மேலும் ‘லாங்’. பதினான்குக்குக் கீழே ‘ஷார்ட்’. இடைப்பட்டது ‘லாங்கிஷ்’. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வரையறுத்த அளவு கிடையாது. நீளம் என்று சொல்ல மனம் வராமல், குட்டை என்று தள்ளவும் முடியாமல், ‘கொஞ்சம் நீளந்தான்’ என்று இழுப்பதற்கான சொல் அது. மேடைப்பேச்சு சற்று நீண்டு அலுப்புத் தட்டினாலும் அச்சொல்தான். நடந்த தூரம் காலைக் கடுக்கவைத்தாலும் அதுதான். முதலாளி அதற்கு அங்குலம் விதித்தார். பாதி விலையும் விதித்தார்.

ஒரு காலையில் தங்கை வந்தாள். கன்னத்தில் கணவனின் கைத்தடம். தனியே குடியிருக்க ஓர் அறை பார்த்திருந்தாள். முன்பணத்துக்காகப் பின்னலை அடியோடு அறுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“இருபத்தோரு அங்குலம்க்கா. வீட்டுலயே அளந்துட்டேன். லாங் விலை கிடைச்சா சாயங்காலமே சாவி கைக்கு வந்துடும்.”

“வாலோட அளந்திருக்கே. மெலிஞ்ச நுனிய வெட்டிட்டுத்தான்டி இங்க அளப்போம்.”

“கத்தரி உன் கையிலதானே இருக்கு. கண்ண மூடிக்க.”

தராசு மூடவில்லை. நுனி விழுந்தது. அளவுகோல் பத்தொன்பது காட்டியது. பின்னல் நடுக்கூடைக்குப் போயிற்று.

தங்கை தன் வெறும் பிடரியைத் தடவிப் பார்த்தாள்.

“அவரு அடிக்கிறப்பக்கூட இப்படி அளந்து அடிச்சதில்லக்கா.”

பாதி விலையை வாங்கிக்கொண்டு கணவன் வீட்டுக்கே திரும்பினாள்.

மாலையில் முதலாளி வந்தார். ஏற்றுமதிக்குக் கட்டவேண்டிய லாங் பெட்டி நிறைந்திருக்கவில்லை.

“நடுக்கூடையில நல்லதாப் பார்த்து இதுல போட்டுக் கட்டும்மா. கடல் தாண்டிப் போறத யாரு அளந்து பார்க்கப் போறா?”

“ஐயா, காலையில என் தங்கச்சி கொண்டு வந்தது…”

“தெரியும். வேற யாராயிருந்தாலும் சொந்தத்துக்கு ஒரு அங்குலம் விட்டிருப்பாங்க. அதனாலதானே உன்ன வச்சிருக்கேன்.” அவர் சிரித்தார்.

இருந்தவற்றுள் தங்கையின் பின்னலே அடர்த்தியானது. தராசு அதைத்தான் முதலில் எடுத்து வைத்துக் கட்டினாள்.

பிறகு தங்கை அக்காளின் வாசலை மிதிக்கவில்லை. தராசும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. கோடாத கோலாய் நின்றவளின் இல்லத்தை, அளவிலா அருளுடையான் அளவு பாராமல் காக்க. அங்கே உணவும் உறக்கமும் குறையாதிருக்க. அவ்வீட்டுக் கதவைத் தட்டும் கை, என்றேனும் ஒருநாள், உடன்பிறந்தவளின் கையாய் இருக்க.